வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

ஜூலை 13, சனி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் யார் பெற்ற பிள்ளையையோ கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடிக் கதவு திறக்கத் திறக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நீல ஜீன்ஸ், முதுகில் பை, மூக்கில் மாஸ்க், அதற்கு மேல் உப்பிய கன்னம். எங்கள் குழலியேதான். "வந்துட்டியா என் ராசாத்தி" என்று ஓடிப்போய் அணைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பாவம், கூச்சப்படவில்லை. என் முதுகைத் தட்டிக் கொடுத்து, "அம்மே, ஆளு மாறிப்போயி" என்றது. அதைப் பெற்றவள் பக்கத்திலேயே பூங்கொத்தோடு நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்ல கன்னம், சுத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

என்னுடையது தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. "எம்மா, நான் இங்ஙன நிக்கேன்."

தப்பு என்மேல் மட்டும் இல்லை. போன ஆவணியில் மரத்தைப் பற்றிப் படிக்க நான் பின்லாந்துக்கு ஏற்றிவிட்ட கன்னம் அந்த மலையாளத்துப் பிள்ளையிடம்தான் இருந்தது. வந்திருப்பது கழுத்தெலும்பும் கண்ணுமாக வேறு யாரோ. அடையாளம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

ஆரியங்காவு தாண்டும்வரை காரில் தூங்கினாள். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிளேன்ல சாப்ட்டியா?" அவள் தலையாட்டினாள். பின்லாந்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்களாம். இவர் அங்கே போகாமலேயே அப்படித்தான்.

இந்த டைரி செங்கோட்டை மர மில்லில் வருஷாவருஷம் இவருக்குக் கொடுப்பது. இவர் மரம் அறுக்கிறவரே தவிர எழுதுகிறவர் இல்லை. ஆறு மாதமாக கிரைண்டர் ஆடாமல் இருக்க அடியில் கொடுத்திருந்தேன். பிள்ளை வந்திருக்கிற நாட்களை எழுதி வைப்போம் என்று இன்று உருவிவிட்டேன். கிரைண்டர் ஆடுகிறது. ஆடட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் இட்லிச் சட்டி இரண்டு முறை இறங்கியது. மத்தியானம் கூட்டாஞ்சோறு. சாயங்காலம் வீட்டுக்காரர் குற்றாலத்தில் இருந்து மங்குஸ்தான் வாங்கி வந்தார். குழலி சாப்பிடுவதைப் பார்த்தால் ஊரில் பஞ்சம் வரப் போகிறது என்று யாரோ இவளுக்கு மட்டும் சொல்லி அனுப்பின மாதிரி இருந்தது.

பெட்டி இரண்டையும் திறந்தோம். அப்பாவுக்கு மரப்பிடி போட்ட கத்தி. எனக்குக் கம்பளிக் காலுறை. தென்காசியில் கம்பளிக் காலுறை! சாரல் விழுகிற ஊர்தானே, போட்டுக்கொண்டுதான் ராத்திரி தோசை சுட்டேன். மூன்றாவது தோசையில் கால் வெந்துவிட்டது.

அதற்கெல்லாம் அடியில் மெத்தை மாதிரி ஒரு கோட்டு. படுக்கை விரிப்பு. மேஜை விளக்கு. ஒரு தோசைக்கல்.

"ஏட்டி, இங்ஙன தோசைக்கல்லு கெடையாதுன்னு ஒனக்கு எவ சொன்னா?"

"அங்க ரூம்ல வச்சிட்டு வந்தா களவு போயிரும்மா."

"அந்த ஊர்ல களவே கெடையாது, பர்ஸக் கீழ போட்டாலும் எடுத்துக் குடுத்துருவான்னு போன்ல நீதான சொன்ன?"

குளிக்கப் போய்விட்டாள். காலையில்தான் குளித்தாள்.

திரும்பிப் போகிற டிக்கெட் ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளி என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மங்குஸ்தானைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 16, செவ்வாய்

உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு மிச்சமில்லை. சந்தோஷமாகப் பழையது சாப்பிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

பாத்திமா வந்தாள். குழலியோடு ஒன்றாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு. இப்போது இடுப்பில் ஒரு பிள்ளை. நெய்ச்சோறும் தாளிச்சாவும் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி குழலி, என்னட்டி இப்படிக் கொத்தவரங்கா மாரி ஆயிட்ட? அங்க என்ன நோன்பா?"

"நீ மட்டும் என்ன, பூசணிக்கா மாரில்லா இருக்க."

"நான் ரெண்டு பேருக்குத் தின்னேன், ஊதிட்டேன். நீ ஒரு ஆளுக்காவது தின்னியா, இல்லையா?"

சிரித்தார்கள். பிறகு மொட்டைமாடிக்குப் போனார்கள். நானும் சும்மா வடகம் எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் குழலி குரல்.

"நான் திரும்பப் போகப் போறதில்ல பாத்தி. ரூமக் காலி பண்ணிட்டேன். வீட்ல இன்னும் சொல்லல."

"படிப்பு?"

"விட்டுட்டேன்னு வச்சுக்கோ."

நான் எதுவும் கேட்கவில்லை. வடகம் எடுக்கத்தான் போனேன். ஆனால் சாரல் காலத்தில் யாரும் வடகம் போடுவதில்லை என்பதால் வெறும் கையோடு இறங்கினேன்.

தாளிச்சாவில் மாங்காய் போட்டிருந்தாள். நல்ல ருசி.

ஜூலை 21, ஞாயிறு

ஐந்தருவியில் குளித்தோம். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாகக் கிடக்குமாம். இங்கே அது மண்டையில் வந்து அடித்ததும் குழலி போட்ட கூச்சலில் பக்கத்தில் குளித்த நாலு பெண்கள் தள்ளி நின்றார்கள். வருஷம் பூராவும் சேர்த்து வைத்த கூச்சல் போல இருந்தது. நான் தடுக்கவில்லை.

வருகிற வழியில் பஞ்சுக் கடையில் புது மெத்தைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "பழசு கட்டி தட்டிப் போச்சு" என்றேன். விருந்தாளி வந்தால் ஆகும். நம் வீட்டுக்கு விருந்தாளி வருவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 24, புதன்

சாயங்காலம் இவர் மில்லில் இருந்து ஒரு தேக்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. குழலி முன்னால் வைத்துவிட்டு டீ குடித்தார்.

அவள் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுத் துண்டைப் புரட்டினாள். மோந்து பார்த்தாள். நகத்தால் கீறினாள். "எப்பா, இத வெட்டி எத்தன நாள்ல வெயில்ல போட்டீங்க?" என்று ஆரம்பித்தவள்தான். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்குமாம், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி தெரியாமல் முட்டுமாம், அதில்தான் மரம் வெடிக்குமாம். என் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துப் படம் வரைந்து காட்டினாள். சோப்பு நுரையில் படம். இவர் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் மரம் அறுத்த ஆள், இன்றைக்குத்தான் மரத்தைப் பார்த்த மாதிரி.

குழலி முகத்தில் அவ்வளவு வெளிச்சம். வந்த நாளில் இருந்து நான் போட்ட நெய்யெல்லாம் ஏறாத கன்னத்தில் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது.

அவர்கள் எழுந்து போனபிறகு அந்தத் துண்டைத் தூக்கி வெந்நீர் அடுப்பில் வைத்தேன். ஈரம். எரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் முடிவெட்டப் போயிருந்தார். குழலி காம்பையும் இலையையும் சேர்த்தே சட்டியில் போட்டாள். நான் பொறுக்கி எடுத்தேன். அவள் மறுபடியும் போட்டாள்.

"எம்மா, ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன்."

நான் காம்பையே பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் வராதது அபூர்வம், அதனால் எழுதி வைக்கிறேன்.

"மரத்துக்குள்ள ஈரம் எப்படிப் போகுதுன்னு ஒரு கணக்கு. எனக்குத் தெரியும்மா. பரீட்சையில கை ஓடல."

"அன்னைக்கு அப்பாக்கு நொரையில படம் போட்டுச் சொன்னியே, அதா?"

"அதேதான்."

"சொல்லிக் குடுக்க ஆளில்லியா?"

"கேட்டாச் சொல்லுவாங்க. நான்தான் கேக்கல. அங்க யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்கம்மா. பக்கத்து ரூம் கதவு தெறக்குற சத்தம் கேட்டா, அவுங்க போற வரைக்கும் நான் உள்ளயே நிக்கணும். அதான் மரியாத. அப்படியே நின்னு நின்னு..."

இலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"ஒருதடவ மீன்காரன்ட்ட நீ சண்ட போட்டது தெரியாம எனக்கு வாட்ஸப்புல வந்திருச்சு பாரு. 'இது மீனா, செருப்பா'ன்னு கேட்டியே. ராத்திரி அதப் போட்டுப் போட்டுக் கேப்பேன்."

ஆகஸ்ட் இருபத்திரண்டில் அந்தப் பேப்பரை மறுபடியும் எழுதலாமாம். எழுதப் போவதில்லையாம். ஊரெல்லாம் தெரிந்தால் என்ன சொல்வார்கள், முதல் மார்க் தவிர வேறு வாங்காதவள். அப்பாவிடம் நீயே சொல்லிரும்மா என்றாள்.

"கெடக்கட்டும்ட்டி. சவத்தப் படிப்பு. இங்கயே இரி" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். அவ்வளவு சீக்கிரம் வந்த பதிலை என் ஆயுசில் நான் யாருக்கும் சொன்னதில்லை. கீரை நன்றாக வெந்தது. காம்பு மட்டும் பல்லில் சிக்கியது.

ஜூலை 29, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். மெத்தை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

மில்லில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற பெண்ணுக்குக் கல்யாணமாம், வேலையை விடுகிறாளாம். சும்மா விசாரித்து வைத்தேன். முதலாளி, "ஒங்க மவளா? பின்லாந்துல படிச்ச பிள்ளை பில் போடவா?" என்றார். "வீட்டுப் பக்கத்துல இருக்கும்லா" என்றேன். குழலியிடம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். உப்பு எடுத்து வா என்றால் சொல்கிற சரி.

மேற்கு வீட்டு ஆவுடையக்கா வந்தாள். அக்காவுக்கு அறுபது வயசு, பஞ்சாங்கம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டாள். அவள் குரல் வாசலில் கேட்டதும் குழலி புழக்கடைக்குப் போய்விட்டாள். சின்னதில் அந்த அக்கா மடியிலேயே கிடந்த பிள்ளை.

"எங்களா பிரமு ஒம் மவ? வந்து மூணு வாரமாச்சு, மொகத்தக் காட்ட மாட்டங்கா. மார்க்கெல்லாம் எப்படி?"

"எல்லாத்துலயும் மொத மார்க்கு யக்கா. அங்க உள்ளவனெல்லாம் இவளப் பாத்துதான் எழுதுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். குழலி பின்வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மறுபடியும் புழக்கடைக்கே போனாள். எனக்குத்தான் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயிலால் இருக்கும். வெயில் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சம் சோறு, தேங்காய்ச் சோறு, புளியோதரை கட்டிக்கொண்டு சிற்றாற்றுக்குப் போனோம். ஊரே படித்துறையில். குழலி தலைவலி என்று காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சாப்பிட்டாள்.

காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இவள் தென்காசி வர வேண்டியதில்லை. இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில் பேசினார். இது செய்தி.

"டிக்கெட்ட இன்னும் கேன்சல் பண்ணல போலுக்க."

"மறந்திருப்பா."

"மறக்கிற பிள்ளையா?"

ரசம் ஊற்றினேன். கூடுதலாக ஊற்றிவிட்டேன் போல, இலையைவிட்டு ஓடியது.

ஆகஸ்ட் 7, புதன்

ஆவுடையக்கா விடிந்ததும் பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். திருவனந்தபுரம் மேற்கே. வெள்ளிக்கிழமை மேற்கே பயணம் புறப்பட்டால் போன காரியம் விளங்காது. அதுவும் ஆடி மாதம்.

"டிக்கெட் எடுத்தாச்சே யக்கா" என்றேன். நடக்காத பயணத்துக்குச் சூலம் ஏது என்று சொல்ல முடியுமா?

"அதுக்குத்தான பரஸ்தானம். இன்னைக்கு நாள் நல்லாருக்கு. பிள்ள கொண்டு போற சாமான்ல ஒண்ண எடுத்து மேக்க எங்க வீட்டுல கொண்டாந்து வையி. பயணம் இன்னைக்கே பொறப்பட்டதாக் கணக்கு. வெள்ளிக்கிழம போம்போது எங்க வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போட்டும். ஒண்ணு பாத்துக்க, வச்ச சாமான் திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா ஆகாது."

குழலியைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே போனவள் அந்த மெத்தைக் கோட்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தாள். இந்த ஊரில் உதவாத ஒரே சாமான் அதுதான். போகாதவளுக்கு அது எங்கே இருந்தால் என்ன?

ஆவுடையக்கா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். "என்னளா, ஆட்டுக்குட்டிய வச்சிருக்கியா உள்ள" என்று கேட்டுக்கொண்டே.

ஆகஸ்ட் 8, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு குழலி, "எம்மா, இனிம மறைச்சு என்ன. நான் போகலன்னு பெரிம்மைட்ட சொல்லிட்டு அந்தப் பைய வாங்கிட்டு வந்திருதேன்" என்றாள். நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் மில்லுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். இடுப்பு வலியாம்.

ஆவுடையக்கா பையை மேற்குச் சுவர் ஓரம் கோலம் போட்டு, மேலே ஒரு வெற்றிலை வைத்து வைத்திருந்தாள்.

"பெரிம்ம, பையக் குடுங்க."

"நாளைக்குக் காலைலதான தாயி."

"நான் போகல பெரிம்ம."

"போகலன்னா? டிக்கெட் எடுத்து, பரஸ்தானம் வச்சு, பயணம் நேத்தே பொறப்பட்டாச்சு. நீ இப்ப பாதி வழியில நிக்க. பாதி வழியில நிக்கிறவ பையத் திருப்பிக் கேக்கலாமா?"

"ஐயோ பெரிம்ம..."

"ஐயோன்னு வேற சொல்லாத. பயணம் போற பிள்ள."

குழலி பையை எடுக்கப் போனாள். அக்கா குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்தில் வெற்றிலை பறந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றேன். அப்போது குழலி கத்தினாள். ஐந்தருவியில் கத்தினாளே, அந்தத் தொண்டை.

"நான் ஃபெயிலாயிட்டேன் பெரிம்ம! மொத மார்க்கெல்லாம் இல்ல. அம்மா சொன்னது பொய்யி. நான் ஃபெயிலு!"

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடம் நிறைந்து வழிந்தது. ஒருத்தியும் குழாயை அடைக்கவில்லை.

ஆவுடையக்கா அசையவில்லை. "அதுக்கு?" என்றாள்.

"அதுக்கா?"

"ஃபெயிலானவளுக்குப் பையத் திருப்பிக் குடுக்கலாம்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

அக்கா தொடர்ந்தாள்: "எத்தனைல ஃபெயிலு?"

"ஒண்ணுல."

"ஒண்ணுலயா? அதுக்கா மூணு வாரமா பொழக்கடையில போயி ஒளிஞ்ச? எங்க வீட்டுல ரெண்டு பயக்க, பாசானது ஒண்ணுலதான். அதுவும் எதுல பாசானான்னு இன்னும் தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏளா பிரமு, என் கணக்குப்படி வச்சது வச்சதுதான். ஆனா பெத்தவ நீ. இவ போவ வேண்டாம்னு நீ ஒன் வாயால சொல்லு. இப்பவே எந்திச்சு வழி விடுதேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா, குழலி, குழாயடியில் நின்றவர்கள். எங்கள் வாசலில் இருந்து வீட்டுக்காரரும்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்று சொன்னால் போதும். புது மெத்தை கிடக்கிறது. மில்லில் வேலை கிடக்கிறது. பத்து நாளாக அந்த வார்த்தையை நாக்கு நுனியிலேயே வைத்திருக்கிறேன்.

"பையக் குடுக்காதீங்க யக்கா" என்றேன்.

"எம்மா!"

"என்னட்டி எம்மா? நம்ம வீட்டுல ஃபெயிலு ஒரே ஆளுதான், அது நான். எட்டாப்புல ரெண்டு தடவ. ஊருக்கே தெரியும். அந்த ஒரு பேருதான் நான் படிச்சு வாங்குனது. அதுலயும் பங்குக்கு வாரியா நீ? தரமாட்டேன். போயி எழுதிப் பாசாகி வா. பொறவு இங்க வாரியோ, அங்க இருக்கியோ, அது ஒன் பாடு."

குழாயடியில் ஒருத்தி சிரித்தாள். "பிரமக்கா எட்டாப்பு வரைக்குமா படிச்சிய?" என்றாள். "ரெண்டு தடவ படிச்சேன், அப்ப பத்துன்னு வச்சுக்க" என்றேன்.

குழலி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. ஆவுடையக்கா பையின் மேல் சாய்ந்தபடியே முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். "பெரிம்ம, அங்க யாருட்டயும் பேச முடியலை பெரிம்ம" என்றாள் குழலி. "நீ பேசுனியா?" என்றாள் அக்கா. "நான் பேசுனா பதில் சொல்லுவாங்க." "அப்ப பேசு. கதவத் தெறந்து நின்னு பேசு. ஓடுனாம்னா பின்னால ஓடிப் போயிப் பேசு. இந்த ஊர்ல நாங்க அப்படித்தான பொழைக்கோம்?"

சாயங்காலம் குழலி அங்கே உள்ள வாத்தியாருக்கு இமெயில் போட்டாள். போட்டு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பேசமாட்டார்கள் என்றாளே, உடனே எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் வந்து பார், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாராம். அவள் வாசித்ததையே மூன்று முறை வாசித்தாள். தங்குவதற்கும் ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பில் யாரோ ஒரு பெண்ணிடம் கேட்டாள். கேட்டுவிட்டு வெற்றிவீரன் மாதிரி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு வருஷமாகப் பக்கத்து ரூம்தானாம். இன்றைக்குத்தான் பேர் தெரிந்ததாம்.

வீட்டுக்காரர் கடைக்குப் போனார். புரோட்டா வாங்கி வந்தார். நாலு பேர் சாப்பிடும் அளவுக்கு வாங்கி வந்தார். ஆவுடையக்காவும் வந்து சாப்பிட்டாள், பையைத் தனியே விட்டுவர மனமில்லாமல் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டு.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது. குழலி அதில் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடியும் முன்னே புறப்பட்டோம். ஆவுடையக்கா தெருவில் நின்றே பையைக் கொடுத்தாள், எங்கள் வாசல்படியில் அது படக்கூடாதாம். மேற்கே சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். மூன்று பேர் வாயிலும் ஒவ்வொரு கட்டி திணித்தாள். பெரிய கட்டி. புனலூர் வரும்வரை யாராலும் பேச முடியவில்லை.

பெட்டியில் புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் எல்லாம் வைத்ததில் கோட்டுக்கு இடம் இல்லை. அதனால் குழலி அதை மாட்டிக்கொண்டே வந்தாள். திருவனந்தபுரம் புழுக்கத்தில் கோட்டு போட்ட ஒரே ஆள் எங்கள் பிள்ளைதான். வரிசையில் முன்னால் நின்ற அம்மாளிடம், "நீங்களும் பின்லாந்தா?" என்று அவளாகவே கேட்டாள். அந்த அம்மாள் கொச்சியாம். அதனால் என்ன, கேட்டாளே. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். வியர்த்து வழிந்தாள். நான் அழவில்லை. வீட்டுக்காரர் கொஞ்சம் அழுதார். வெல்லம் தொண்டையில் நிற்கிறது என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். வீடு பூட்டியிருந்தது. காலையில் என் இரண்டு கையிலும் தூக்குச்சட்டி, இவர் தலையில் பெட்டி. பூட்டியது குழலி. பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள். போடும்போது நான் பார்த்தேன். பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சாவி கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். இன்னொரு சாவி இருக்கிறது. வீட்டுக்குள்ளே, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில்.

இதை ஆவுடையக்கா வீட்டில் வைத்து எழுதுகிறேன். பூட்டுக்காரர் காலையில்தான் வருவாராம். நாளைக்குக் கிழக்கே சூலம், எங்கள் வீடு கிழக்கே, ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுத்தான் நாங்கள் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மேற்குச் சுவர் ஓரம், பை இருந்த இடத்தில், கோலத்தைக் கூட்டிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறாள்.